பாரத் எண்ணும் அயல் மாநிலத் தொழிலாளியும்

ஐதராபாத், செகந்திராபாத் ரயில் நிலையங்களின் பார்சல் அலுவலகங்களில், பெட்ரோலை வடித்துவிட்டுச் சாக்கு சுற்றிக் கட்டிய ஸ்கூட்டர்களும் மோட்டார் சைக்கிள்களும் வந்து இறங்குவது பழகிப்போன காட்சி. மாற்றலாகி வருகிற குமாஸ்தாவும், வேலை கிடைத்து வருகிற பிட்டரும், ஊரில் தவணைக்கு வாங்கிய வண்டியை விட்டுவர மனமின்றிக் கூடவே கொண்டுவருகிறார்கள். 'டி.என்.' என்று தொடங்கும் எண் பலகையோடு அந்த வண்டி இங்கே எத்தனை நாள் ஓடலாம், எப்போது வேறு எண் வாங்க வேண்டும், ஊரில் கட்டிய வரி என்னவாகும் என்ற கேள்விகள் அவர்களுக்கு முதலில் தோன்றுவதில்லை. சாலையில் போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தும்போதுதான் தோன்றுகின்றன.

இந்தத் தொல்லைக்கு ஒரு மாற்று என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கொண்டுவந்ததுதான் 'பாரத் வரிசை' எனப்படும் பி.எச். எண். 2021 ஆகஸ்டு 26ஆம் தேதி அறிவிக்கை வெளியாயிற்று. அதே ஆண்டு செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்த எண் பெற்ற வண்டியை எந்த மாநிலத்துக்குக் கொண்டுபோனாலும் மறுபதிவு செய்ய வேண்டியதில்லை. நல்ல ஏற்பாடு, வரவேற்கத்தக்கது. ஆனால் யாருக்கு இந்த எண் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்று விதிகளைப் படித்துப் பார்த்தால், சாக்கு சுற்றிய ஸ்கூட்டரின் சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு அதில் இடமில்லை என்பது தெரியவரும்.

முதலில் பழைய முறையின் தொல்லையைச் சொல்ல வேண்டும். ஏனெனில் எண்ணற்றவர்கள் இன்னும் அதில்தான் உழல்கிறார்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆவது பிரிவு, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி வேறொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைக்கப்பட்டிருந்தால், அங்கே புதிய பதிவு எண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது. 1939ஆம் ஆண்டின் பழைய சட்டத்திலும் இப்படியொரு பிரிவு இருந்தது. மோட்டார் வண்டி என்பது ஜமீன்தாருக்கும் வக்கீலுக்கும் மட்டும் இருந்த காலத்தில் எழுதப்பட்ட விதி, வீட்டுக்கு வீடு வண்டி நிற்கும் காலத்திலும் அப்படியே தொடர்கிறது.

விதி ஒரு வரிதான். அதை நிறைவேற்றும் வழி நீளமானது. முதலில் சொந்த ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 28ஆம் எண் படிவத்தைக் கொடுத்துத் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். வண்டி தவணையில் இருந்தால் கடன் கொடுத்த கம்பெனியின் சம்மதக் கடிதம் வேண்டும். வண்டி திருட்டு வழக்கு எதிலும் சம்பந்தப்பட்டதல்ல என்று போலீஸ் பதிவுகளில் சரிபார்க்க வேண்டும். பிறகு இங்கே வந்து 27ஆம் எண் படிவம் கொடுக்க வேண்டும். முகவரிச் சான்று காட்ட வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுக்கும் வீட்டுக்காரரிடம் குடியிருப்பவர் இந்த இடத்திலேயே நின்றுவிடுவார். அதையும் தாண்டினால் வண்டியின் வயதுக்கேற்ப இந்த மாநிலத்தின் ஆயுள் வரியைக் கட்ட வேண்டும். எல்லாம் முடிந்து புதிய ஆர்.சி. கைக்கு வந்த பிறகு, அதன் நகலைக் காட்டி, ஊரில் ஏற்கெனவே பதினைந்து ஆண்டுகளுக்குக் கட்டிய வரியில் மீதியைத் திருப்பித் தரும்படி அங்குள்ள அலுவலகத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும்.

அந்தப் பணத்தைக் கேட்டுப் பெறுகிறவர்கள் மிகக் குறைவு. ஸ்கூட்டருக்குத் திரும்பக் கிடைக்கக்கூடிய தொகை சில ஆயிரம் ரூபாய். அதை வாங்க ஊருக்குப் போய்வரும் ரயில் கட்டணமும், இழக்கும் சம்பளமும், இடையில் நிற்கும் தரகர் கேட்கும் தொகையும் சேர்ந்தால் கணக்கு நேராகிவிடும். ஆகவே பெரும்பாலோர் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரே வண்டிக்கு இரண்டு மாநிலங்களிலும் வரி கட்டிவிட்டுப் பேசாமல் இருப்பது ஒன்று. பழைய எண்ணோடு பயந்து பயந்து ஓட்டுவது மற்றொன்று.

இங்கே ஒரு குழப்பத்தையும் தெளிவுபடுத்த வேண்டும். பன்னிரண்டு மாதக் கெடு என்பது பதிவு எண்ணைப் பற்றியது. வரி என்பது வேறு. அதை ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டப்படி பார்க்கிறது. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், வாகனங்கள் மீதான வரி மாநிலப் பட்டியலின் 57ஆவது இனமாக இருக்கிறது. மோட்டார் வாகனங்கள் பற்றிய பொதுச் சட்டமும், அந்த வரியை எந்தக் கொள்கைப்படி விதிப்பது என்பதும் பொதுப் பட்டியலின் 35ஆவது இனம். அதாவது எண் கொடுக்கும் விதியை டில்லி எழுதுகிறது. பணத்தை மாநிலம் வாங்குகிறது. பாரத் எண்ணைச் சுற்றி எழுந்த இழுபறி முழுவதற்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

இனி விதிகளைப் பார்க்கலாம். பாரத் எண்ணுக்குத் தகுதியுடையவர்கள் பாதுகாப்புப் படையினர், மத்திய அரசு ஊழியர்கள், மாநில அரசு ஊழியர்கள், மத்திய மாநிலப் பொதுத்துறை நிறுவனங்களின் ஊழியர்கள், இவர்களோடு நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் வைத்திருக்கும் தனியார் நிறுவனங்களின் ஊழியர்கள். யூனியன் பிரதேசங்களும் இந்த நான்கில் சேரும். சொந்த உபயோக வண்டிகளுக்கு மட்டுமே இந்த எண். ஆட்டோ, டாக்சி, லாரிகளுக்கு இல்லை. கட்டாயமும் இல்லை, விரும்புகிறவர்கள் வாங்கலாம். அரசு ஊழியர் அலுவலக அடையாள அட்டையைக் காட்டினால் போதும். 2022 டிசம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு பணிச் சான்றும் செல்லும். தனியார் ஊழியர் 60ஆம் எண் படிவத்தில் முதலாளியின் சான்றைப் பெற்றுத் தர வேண்டும்.

எண்ணின் அமைப்பும் எளிதானதே. முதலில் பதிவான ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள், அடுத்து பி.எச்., பிறகு நான்கு இலக்கங்கள், கடைசியில் ஆங்கில எழுத்துகள். ஐ, ஓ என்ற இரண்டு எழுத்துகள் மட்டும் வராது. ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பும் என்பதால் விலக்கிவிட்டார்கள். வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து. எண்ணைக் கம்ப்யூட்டரே கொடுக்கிறது. ஆகவே 9999 வேண்டும் என்று ஏலத்தில் லட்சக்கணக்கில் கொட்டுகிறவர்களுக்கு இதில் சுவாரசியம் இருக்காது.

வரியைக் கட்டும் முறைதான் முக்கியமான மாறுதல். பதினைந்து ஆண்டு வரியை மொத்தமாகக் கட்டாமல், இரண்டு ஆண்டுகளுக்கோ அதன் மடங்குகளுக்கோ கட்டலாம். ஜி.எஸ்.டி. நீங்கலாக வண்டியின் பில் விலை 10 லட்சம் ரூபாய்க்குக் கீழே இருந்தால் விகிதம் 8 சதவீதம். 10 முதல் 20 லட்சம் வரை 10 சதவீதம். அதற்கு மேல் 12 சதவீதம். டீசல் வண்டிக்கு 2 சதவீதம் கூடுதல், மின்சார வண்டிக்கு 2 சதவீதம் குறைவு. பதினான்கு ஆண்டு முடிந்த பிறகு ஆண்டுதோறும், முன்பு கட்டியதில் பாதியைக் கட்டிவர வேண்டும். தவணை தப்பி ஏழு நாட்களுக்கு மேல் போனால் நாளொன்றுக்கு 100 ரூபாய் அபராதம். இந்தக் கடைசி விதியை எண் வாங்கியவர்கள் மறந்துவிடக்கூடாது. இரண்டு ஆண்டு கழித்து வரும் கெடு நினைவில் நிற்பது கடினம். மூன்று மாதம் மறந்தாலே அபராதம் எட்டாயிரத்தைத் தாண்டிவிடும்.

ராமச்சந்திராபுரத்து பி.எச்.இ.எல்., மவுலாலி அணு எரிபொருள் வளாகம், இ.சி.ஐ.எல்., காஞ்சன்பாக் பாதுகாப்பு ஆய்வுக் கூடங்கள், தென் மத்திய ரயில்வே, ஸ்டேட் வங்கி, இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி முதலியவற்றில் வேலை செய்யும் தமிழர்கள் விதிப்படி தகுதியுடையவர்களே. மூன்றாண்டுக்கு ஒரு முறை மாற்றல் வாங்கும் வங்கி ஊழியருக்கு இது உண்மையிலேயே வரப்பிரசாதம்.

ஆனால் அதே பி.எச்.இ.எல். வாசலுக்குள் ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்யும் வெல்டருக்கு? அவர் சம்பளம் வாங்குவது ஒப்பந்தக்காரரிடம். ஒப்பந்தக்காரரின் அலுவலகம் ஒரே அறை, அதுவும் ஒரே ஊரில். ஜீடிமெட்லாவிலும் பாலாநகரிலும் பட்டறைகளில் லேத் ஓட்டுகிறவருக்கு? ராணிகஞ்சில் மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறவருக்கு? மெஸ்ஸில் சமைக்கிறவருக்கு? இவர்கள் யாருடைய முதலாளிக்கும் நான்கு மாநிலங்களில் அலுவலகம் கிடையாது. ஆகவே இவர்களுக்குப் பாரத் எண் கிடையாது.

விதியில் உள்ள விசித்திரம் இதுதான். மாநில அரசு ஊழியர் ஒருவர் தம் உத்தியோகக் காலம் முழுவதும் ஒரே மாவட்டத்தைத் தாண்டாமல் இருக்கலாம். அவருக்குத் தகுதி உண்டு. சேலத்திலிருந்து பெங்களூர், பெங்களூரிலிருந்து ஐதராபாத், நாளை புனே என்று வேலை போகும் இடமெல்லாம் போகிற தொழிலாளிக்குத் தகுதி இல்லை. மாநிலம் மாறுகிறவரின் சிரமத்தைப் போக்க எழுதிய விதி, மாறுகிறவரைப் பார்க்கவில்லை. அவருடைய முதலாளியின் கிளைகளை எண்ணிப் பார்க்கிறது. இடம் பெயர்வதற்கு அளவுகோல் சம்பளம் கொடுப்பவரின் விலாசப் பட்டியல் என்றால், சிறு முதலாளியிடம் வேலை செய்கிறவர் இடம் பெயராதவர் என்றா பொருள்?

இந்த வரம்புக்கு ஒரு காரணம் உண்டு. அதை மறைப்பது நியாயமாகாது. எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட்டால், ஊரை விட்டு நகராத பணக்காரர்கள் விலையுயர்ந்த காருக்குப் பாரத் எண் வாங்கி மாநில வரியைக் குறைத்துக்கொள்வார்கள் என்று மாநிலங்கள் அஞ்சின. அஞ்சியதில் தவறில்லை. தெலங்கானாவில் 2022இல் ஆயுள் வரி மாற்றப்பட்டபோது, 5 லட்சத்துக்கு உட்பட்ட காருக்கே 13 சதவீதம். 20 லட்சத்துக்கு மேற்பட்டதற்கு 18 சதவீதம். பாரத் வரிசையில் அது 8, 12. முழு வரியும் முதல் நாளே கஜானாவுக்கு வருவதற்கும், இரண்டாண்டுப் பங்காகச் சிறிது சிறிதாக வருவதற்கும் உள்ள வித்தியாசத்தை நிதி அமைச்சர்கள் நன்கு அறிவார்கள். பொய்ச் சான்று கொடுத்து எண் வாங்குவதைத் தடுக்கத்தான் 2022 டிசம்பர் திருத்தத்தில் 60ஆம் படிவத்தை இறுக்கினார்கள். அதே திருத்தம் நல்ல காரியங்களையும் செய்தது. சாதாரண எண் உள்ள பழைய வண்டியையும் உரிய வரி கட்டிப் பாரத் எண்ணுக்கு மாற்றலாம். வசிக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ விண்ணப்பிக்கலாம். பாரத் எண் உள்ள வண்டியை, தகுதி உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் விற்கலாம்.

மாநிலங்களின் தயக்கம் பலவிதமாக வெளிப்பட்டது. கர்நாடகம் 2021 டிசம்பரில் ஒரு சுற்றறிக்கை மூலம் தனியார் ஊழியர்களை ஒதுக்கி வைத்தது. உயர் நீதிமன்றம் 2022இல் அதைச் செல்லாது என்று சொல்ல வேண்டியதாயிற்று. தமிழ்நாடும் தொடக்கத்தில் இந்தத் திட்டத்தில் ஆர்வம் காட்டவில்லை. தெலங்கானாவின் நிலைமை வேறு விதம். நாட்டின் மற்ற மாநிலங்கள் 'வாகன்' என்ற பொதுக் கம்ப்யூட்டர் தொகுப்பில் சேர்ந்த பிறகும், தெலங்கானா பல ஆண்டுகள் தனி ஏற்பாட்டையே வைத்திருந்தது. நாடாளுமன்றத்தில் வாகனக் கணக்கு கேட்கப்பட்டபோதெல்லாம் தெலங்கானா நீங்கலாக என்று அடிக்குறிப்புப் போட்டே மத்திய அமைச்சகம் பதில் தந்து வந்தது. பாரத் எண் கொடுப்பதோ அந்தப் பொதுத் தொகுப்பின் வழியாக. ஐதராபாத்தில் தகுதியுள்ளவர்கள்கூடக் கடைக்காரரிடம் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியதன் காரணம் இதுதான். 2025இல்தான் பொதுத் தொகுப்புக்கு மாறும் வேலை இங்கே சூடு பிடித்தது. வண்டி வாங்க முன்பணம் கட்டுவதற்கு முன்னால், தம் பகுதி ஆர்.டி.ஓ. அலுவலகத்திலேயே நேரில் விசாரித்துக்கொள்வது நல்லது. விற்பனையாளரின் வாய்மொழியை நம்பி, பிறகு வழியின்றி முழு ஆயுள் வரி கட்ட நேர்ந்தால் யாரையும் நோக முடியாது.

எண் பலகை மாறுவது ஐதராபாத்வாசிகளுக்குப் புதிது அல்ல என்பதையும் நினைவுகூரலாம். 2014 ஜூன் 2ஆம் தேதி தெலங்கானா பிறந்ததும் ஏ.பி. என்பது டி.எஸ். ஆயிற்று. 2024 மார்ச்சில் டி.எஸ். என்பது டி.ஜி. ஆயிற்று. ஒரே தெருவில் மூன்று எழுத்துகளும் ஓடுகின்றன. பழைய எண் வைத்திருப்பவர்களை மாற்றிக்கொள்ளும்படி 2024இல் யாரும் வற்புறுத்தவில்லை. அது விவேகமான முடிவு. ஏ.பி. 09 என்ற பலகையோடு கைரதாபாத்தில் ஓடும் பழைய வண்டியால் ஒருவருக்கும் தொல்லை இல்லை என்றால், வரி ஒழுங்காகக் கட்டிய டி.என். வண்டியால் மட்டும் என்ன தொல்லை வந்துவிடும்?

மாநில எல்லை தாண்டினால் மற்றவை எல்லாம் கூடவே வருகின்றன. டிரைவிங் லைசென்ஸ் நாடு முழுதும் செல்லும். வண்டியின் இன்சூரன்ஸ் செல்லும். டெலிபோன் எண்ணை 2015 ஜூலை முதல் எந்த மாநிலத்துக்கும் கொண்டுபோகலாம். ரேஷன் கார்டுகூட எந்த மாநிலத்துக் கடையிலும் செல்லும் என்றாகிவிட்டது. வருங்கால வைப்பு நிதிக்கு 2014 முதல் ஒரே நிரந்தர எண் வந்துவிட்டது. முதலாளி மாறினாலும் ஊர் மாறினாலும் அது மாறுவதில்லை. ஸ்கூட்டர் ஒன்றுதான் பிறந்த மாநிலத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

வழி இல்லாமல் இல்லை. வைப்பு நிதி எண்ணும் இ.எஸ்.ஐ. அட்டையும் ஒரு தொழிலாளி எந்த மாநிலத்தில், எந்த முதலாளியிடம் வேலை செய்கிறார் என்பதை அரசாங்கத்துக்கே சொல்லும் ஆவணங்கள். முதலாளியின் நான்கு அலுவலகங்களுக்குப் பதிலாக, தொழிலாளி மாநிலம் மாறியதை இந்த ஆவணங்களைக் கொண்டு ஏற்றுக்கொள்ளலாம். பணக்காரர்கள் புகுந்துவிடுவார்கள் என்ற அச்சம் இருந்தால், இந்தச் சலுகையை இரண்டு சக்கர வண்டிகளோடு நிறுத்திக்கொள்ளட்டும். அதில் மாநிலங்களுக்கு இழப்பு பெரிதாக இருக்காது. பிழைப்புக்காக மாநிலம் கடந்து போகும் தொழிலாளியைத் தனிப் பிரிவாகச் சட்டம் அங்கீகரித்தது 1979ஆம் ஆண்டிலேயே நடந்திருக்கிறது. ஒப்பந்தக்காரர் அழைத்துச் செல்லும் தொழிலாளிக்குப் பயணப்படியும் இடம்பெயர்வுப் படியும் தர வேண்டும் என்று அந்த ஆண்டில் வந்த சட்டம் சொல்லிற்று. அவருக்கு ஒரு வண்டி இருக்கும் என்று அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். இன்று அது இல்லாமல் காலை ஷிப்டுக்குப் போய்ச் சேர முடியாது.

இன்னொரு வழி, வரியை மாநிலங்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்வது. 2017 ஜூலை முதல் ஜி.எஸ்.டி.யில் ஒரு மாநிலத்தில் விற்ற சரக்கு மற்றொரு மாநிலத்தில் நுகரப்பட்டால், வரியில் பங்கு அந்த மாநிலத்துக்குப் போய்ச் சேருகிறது. வாங்கியவர் எந்த அலுவலகத்துக்கும் நடப்பதில்லை. கோடிக்கணக்கான பில்களுக்குச் செய்ய முடிந்த கணக்கை, எல்லை தாண்டும் ஸ்கூட்டர்களுக்குச் செய்ய முடியாது என்பது நம்பத்தக்கதாக இல்லை.

தகுதியில்லாத சிலர் தரகர்களிடம் பணம் கொடுத்து, பெயர் தெரியாத கம்பெனிகளின் 60ஆம் படிவத்தை வாங்க முற்படுவதாகப் பேச்சு உண்டு. அது பொய்ச் சான்று. பிடிபட்டால் வண்டியும் போகும், வழக்கும் வரும். வேலைக்கு வந்த ஊரில் அந்த அவஸ்தை வேண்டாம். அதைவிட, பன்னிரண்டு மாதத்துக்குள் தடையில்லாச் சான்று வாங்கி வைப்பதே மேல். ஊருக்குப் பொங்கலுக்கோ திருவிழாவுக்கோ போகும்போது அந்த வேலையையும் முடித்துக்கொண்டு வரலாம். இங்கே வந்து சேர்ந்த தேதியைக் காட்டும் பார்சல் ரசீதையும் வேலை நியமனக் கடிதத்தையும் பத்திரமாக வைத்திருந்தால், எத்தனை மாதம் ஆயிற்று என்று சாலையில் வாதம் வரும்போது கைகொடுக்கும். மாரேட்பள்ளி, லாலாகுடா, பத்மராவ் நகர் போன்ற பகுதிகளில் உள்ள தமிழர் அமைப்புகள், படிவம் நிரப்பத் தெரிந்த ஓய்வு பெற்ற குமாஸ்தாக்கள் இருவரை ஞாயிறு காலையில் உட்கார வைத்தால், தரகர் வீட்டுக்குப் போகும் பணம் மிச்சமாகும்.

தமிழ்நாடு அரசும் செய்ய வேண்டியது உண்டு. தன் எல்லையை விட்டுப் போன வண்டிக்கு ஆயுள் வரியில் மீதியைத் திருப்பித் தருவது சலுகை அல்ல, வாங்கியவர் பணம். புதிய மாநிலத்தில் எண் பதிவானது கம்ப்யூட்டரில் தெரிந்த உடனே, விண்ணப்பம் எதுவும் கேட்காமல் அந்தத் தொகையை உரியவரின் வங்கிக் கணக்கில் சேர்க்கலாம். திருநெல்வேலியில் பதிவான ஒரு மோட்டார் சைக்கிளுக்காக ஐதராபாத்திலிருந்து லீவு போட்டு ஒருவர் ரயில் ஏற வேண்டியிருப்பதை நிறுத்த டில்லியின் அறிவிக்கை எதுவும் தேவையில்லை. சென்னையிலிருந்து ஒரு சுற்றறிக்கை போதும்.